வந்தவர் மேல் தாவும் நாயைத் திருத்துவது எப்படி: பரிசும் தண்டனையும் வேலை செய்யும் விதம்

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் நாய் ஓடிப்போய், வந்தவரின் சட்டையில் முன்கால் இரண்டையும் வைக்கிறது. வீட்டுக்காரர் "சீ, இறங்கு" என்று கத்தி, அதன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறார். நாய் இறங்குகிறது. அடுத்த ஆள் வரும்போது மறுபடியும் தாவுகிறது. மாதக்கணக்கில் திட்டியும் இது மாறவில்லையென்றால் அந்தத் திட்டு தண்டனையாக நாய்க்குப் போய்ச் சேரவே இல்லை. உரத்த குரல், தன்னை நோக்கித் திரும்பிய முகம், உடம்பில் பட்ட கை எல்லாமே அதன் கணக்கில் கவனிப்புத்தான். நாள் முழுக்கத் தனியாகக் கிடந்த நாய்க்கு அது பெரிய வரவு.

பி.எட். பாடங்களில் செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்ற கனத்த தலைப்பில் வருவது இந்த விஷயம்தான். ஒரு செயலுக்குப் பின்னால் வரும் விளைவைப் பொறுத்து அந்தச் செயல் இனி அடிக்கடி நடக்கும், அல்லது அரிதாகும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைத் தாழ்ப்பாள் வைத்த பெட்டிகளில் அடைத்து, அவை வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். பூனை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பிராண்டும், கடிக்கும், தற்செயலாகத் தாழ்ப்பாள் விடுபடும். முறைக்கு முறை வீண் முயற்சிகள் உதிர்ந்து, கதவைத் திறந்த அசைவு மட்டும் மிஞ்சியது. பி.எஃப். ஸ்கின்னர் 1930-களில் இதை எலிகளை வைத்தும், பிறகு புறாக்களை வைத்தும் எண்ணிக்கையில் பிடிக்கும் அறிவியலாக்கினார்.

இந்தத் துறையில் ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எது பரிசு, எது தண்டனை என்று முடிவு செய்வது கொடுப்பவர் அல்ல. செயல் கூடினால் கொடுத்தது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் அது வெறும் சத்தம்.

நான்கு வகை விளைவுகள்

வலுவூட்டலிலும் தண்டனையிலும் நேர்மறை, எதிர்மறை என இரண்டிரண்டு உண்டு. ஏதோ ஒன்று புதிதாக வந்து சேர்ந்தால் நேர்மறை, இருந்தது விலகினால் எதிர்மறை. நல்லது கெட்டது என்ற பொருள் இங்கே கிடையாது. தேர்வெழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதிவிடுவார்கள்.

நாய் உட்கார்ந்ததும் கோழித்துண்டு கிடைக்கிறது, உட்காருவது கூடுகிறது. இது நேர்மறை வலுவூட்டல். தாவியதும் முழங்காலால் ஒரு இடி விழுகிறது, தாவுவது குறைகிறது, நேர்மறைத் தண்டனை. தாவிய உடனே வந்தவர் முதுகைக் காட்டி வெளியே போய்விடுகிறார், தாவுவது குறைகிறது. இருந்த ஆள் விலகியதால் எதிர்மறைத் தண்டனை.

நான்காவதைப் புரிந்துகொள்ளக் கூரியர்காரரைப் பாருங்கள். அவர் வாசலுக்கு வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். குரைக்காவிட்டாலும் போயிருப்பார்தான். நாய்க்கு அது தெரியாது. குரைத்தேன், போய்விட்டான் என்பதே அதன் கணக்கு. பிடிக்காத ஒன்று விலகியதால் குரைப்பு வலுக்கிறது, இது எதிர்மறை வலுவூட்டல். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு பாடம் நடக்கிறது.

மனிதர்களுக்குள்ளும் இதே கணக்குத்தான். கடையில் சாக்லேட்டுக்காகப் புரண்டு அழும் குழந்தைக்கு அம்மா சாக்லேட் வாங்கிக் கொடுக்கிறாள். குழந்தையின் அழுகைக்குச் சாக்லேட் கிடைத்தது. அம்மாவின் விட்டுக்கொடுப்புக்கோ அழுகை நின்ற நிம்மதி கிடைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பழக்கிவிட்டார்கள். நாயை அடிக்கும் கையும் இப்படித்தான் பழகுகிறது. அடித்ததும் நாய் ஒரு கணம் ஒடுங்கி நிற்கும், அந்த ஒரு கணம் அடித்தவருக்குப் பரிசு. நாயின் பழக்கம் அப்படியே இருக்க, அடிக்கும் பழக்கம் மட்டும் வளர்வதற்குக் காரணம் அதுவே.

முதலில் எண்ணுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாள் எழுதிவையுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போதும்: முன்னால் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, அடுத்த நொடியில் அதற்கு என்ன கிடைத்தது. நடுப் பத்தியில் "சேட்டை", "திமிர்", "பாசம்" என்றெல்லாம் எழுதக்கூடாது. அவற்றை எண்ண முடியாது. "முன்கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பி மனிதர் உடம்பில் பட்டது" என்றால் வீட்டில் யார் எண்ணினாலும் ஒரே எண் வரும். பத்து பேர் வந்ததில் எத்தனை பேர் மேல் தாவியது என்று விகிதமாகக் குறித்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் அதிகம் வந்த நாளையும் யாருமே வராத நாளையும் வெறும் எண்ணிக்கையில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

விடை மூன்றாவது பத்தியில் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அங்கே தள்ளியது, கத்தியது, சிரித்தது, "பரவாயில்ல, விடுங்க" என்று விருந்தாளி தடவிக்கொடுத்தது என்றுதான் மாறி மாறி வரும். அத்தனையும் கவனிப்பு. வால் கால்களுக்கிடையே ஒடுங்கியிருந்தாலோ, உடம்பு விறைத்திருந்தாலோ, உறுமல் கேட்டாலோ அது பயம். அப்படிப்பட்ட நாய்க்குக் கீழே வரும் திட்டம் பொருந்தாது. அதற்கான குறிப்பு கடைசிப் பகுதியில் இருக்கிறது.

பரிசு: எதை, எவ்வளவு

துண்டு பொட்டுக்கடலை அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. வாயில் போட்டதும் விழுங்கிவிட்டு அடுத்ததை எதிர்பார்க்க வேண்டும். பிஸ்கட் கொடுத்தால் மென்று, சிந்தி, தரையை நக்கி முடிப்பதற்குள் பாடம் ஆறிப்போகும். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிதாக நறுக்கினால் 100 துண்டுக்கு மேல் வரும். இரண்டு நாளைக்குப் போதும். சைவ வீடுகளில் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட் சரிப்படும். குழம்பிலிருந்து எடுத்த கறித்துண்டு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவையும் அப்படியே.

பரிசுத் தீனி ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்து, அந்த அளவைச் சாப்பாட்டுத் தட்டில் குறைத்துவிடுங்கள். பயிற்சியைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். வயிறு நிறைந்த நாய்க்குக் கோழித்துண்டு பரிசாக இருக்காது. காலையில் துள்ளிக்குதித்து வாங்கிய துண்டை இரவு முகர்ந்துவிட்டுப் போனால், மாறியது துண்டின் மதிப்புத்தான். வீட்டுக்குள் சாதாரணத் தீனியே போதும். வாசலில் விருந்தாளியோடு போட்டி போடவேண்டிய இடத்துக்குக் கோழியைச் சேமித்து வையுங்கள்.

தீனி மட்டும்தான் பரிசு என்றில்லை. நாய் அந்த நேரத்தில் எதைச் செய்யத் துடிக்கிறதோ அதுவே நல்ல பரிசு. டேவிட் பிரீமாக் 1959-இல் முன்வைத்த கருத்து இது: அதிகம் விரும்பும் செயலைக் கொண்டு குறைவாக விரும்பும் செயலை வலுப்படுத்தலாம். வெளியே போகத் துடிக்கும் நாய் உட்கார்ந்தால் கதவு திறக்கும், எழுந்தால் மூடும். ஒரு துண்டு கோழி செலவில்லை.

குறிச்சத்தம்

வீட்டுப் பயிற்சிகள் தோற்பதற்குக் கருமித்தனத்தைவிடத் தாமதமே பெரிய காரணம். நாய் உட்காருகிறது, நீங்கள் சந்தோஷப்பட்டு, பையில் கைவிட்டு, துண்டை எடுத்து நீட்டுகிறீர்கள். அதற்குள் மூன்று நொடி ஓடிவிடுகிறது. அந்த மூன்று நொடியில் நாய் எழுந்து உங்கள் கையை முகர்ந்துவிட்டது. பரிசு போனது முகர்ந்ததற்கு. 1948-இல் ஸ்கின்னர் புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, இன்னொன்று தலையை ஒரு மூலையை நோக்கி நீட்டி நீட்டி எடுத்தது. பரிசு எதோடு ஒட்டிக்கொண்டு வருகிறதோ அதுதான் வளரும். நீங்கள் எதை நினைத்துக் கொடுத்தீர்கள் என்பது நாய்க்குத் தெரியாது.

இதற்கு வழி ஒரு குறிச்சத்தம். சரியான அசைவு நடந்த அரை நொடிக்குள் சத்தம், அதற்குப் பிறகு தீனி. கடையில் விற்கும் கிளிக்கர் (அழுத்தினால் "கிளிக்" என்று சத்தம் போடும் சிறு கருவி) நல்லது. நாக்கை மேலண்ணத்தில் தட்டும் சத்தமும் போதும். சொல்தான் வேண்டுமென்றால் வீட்டில் யாரும் பேச்சில் சொல்லாத சொல்லாகப் பாருங்கள். "சரி" என்பதை ஒரு நாளில் நூறு தடவை போனிலேயே சொல்கிறோம். "குட்" கூட உதவாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "டக்" என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் வேறு எதையும் சொல்லிக்கொடுக்காமல் "டக்", ஒரு துண்டு, "டக்", ஒரு துண்டு என 15 முதல் 20 முறை. மாலையில் இன்னொரு சுற்று. மறுநாள் நாய் வேறெங்கோ பார்க்கும்போது "டக்" என்று சொல்லிப் பாருங்கள். தலை சட்டென்று உங்கள் பக்கம் திரும்பினால் சத்தம் ஏறிவிட்டது. சத்தம் முதலில், கை அசைவு பிறகு. இரண்டும் சேர்ந்து நடந்தால் நாய் கையைத்தான் படிக்கும், சத்தத்தை விட்டுவிடும்.

ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் பிறவிச் செவிடு அந்த இனத்தில் உண்டு. சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று அடிவாங்கும் குட்டிக்குக் காதே கேட்காமல் இருக்கலாம். அது பார்க்காத நேரத்தில், காற்றும் அதிர்வும் எட்டாத தூரத்திலிருந்து கைதட்டிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் குறிச்சத்தத்துக்குப் பதிலாக உள்ளங்கையை விரித்து மூடும் சைகை. மற்றதெல்லாம் அப்படியே.

தாவுவதற்குப் பதிலாக என்ன செய்யவேண்டும்

"தாவக்கூடாது" என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. பிணத்தாலும் முடிகிற காரியம் பயிற்சிக்கு இலக்காகாது என்று பழக்கவியலாளர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். தாவாமல் இருப்பதைப் பிணமும் செய்யும். தாவும்போது கூடவே செய்யமுடியாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாசலிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு கால்மிதியிலோ சாக்கிலோ போய் உட்காருவது நல்ல இலக்கு. கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்கும், அடிப்பக்கம் ரப்பர் ஒட்டியதாக வாங்குங்கள்.

முழுச் செயலும் தானாக வரும்வரை காத்திருந்தால் பரிசு கொடுக்கும் வாய்ப்பே வராது. நெருங்கி வரும் ஒவ்வொரு படிக்கும் கொடுத்து, பிறகு அந்தப் படிக்குக் கொடுப்பதை நிறுத்தி அடுத்ததைக் கேட்பதுதான் வழி:

1. விரிப்பைத் தரையில் போட்டதும் நாய் அதைப் பார்த்தால் "டக்", தீனி. தீனியை விரிப்பின் மேல் போடுங்கள், கையில் நீட்டவேண்டாம்.
2. விரிப்பை நோக்கி ஓர் அடி வைத்தால்.
3. ஒரு கால் விரிப்பில் பட்டால். பிறகு இரண்டு, பிறகு நான்கு.
4. நான்கு காலும் விரிப்பில் இருக்க, உட்கார்ந்தால்.
5. உட்கார்ந்து 2 நொடி இருந்தால். பிறகு 5, 3, 8, 4, 10 என்று ஏற்றி இறக்கி. ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போனால் நாய்க்கு வேலை கடினமாவது மட்டுமே தெரியும், சீக்கிரம் விட்டுவிட்டுப் போய்விடும்.
6. இப்போதுதான் விரிப்பைக் குறிக்க "பாய்" என்று சொல்லத் தொடங்குவது. செயல் வருமுன் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லாமல் போகும்.

ஒரு சுற்று 3 முதல் 5 நிமிடம், 10 முதல் 15 துண்டு. நாளைக்கு இரண்டு அல்லது மூன்று சுற்று. பத்தில் எட்டு முறை சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். ஐந்துக்கும் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். இடைப்பட்ட எண்ணில் இருந்தால் அதே படியில் இன்னொரு சுற்று. நாய்க்கு ஆர்வம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடவேண்டும். "இன்னும் ஒரு தடவை" என்று இழுத்து, கடைசி மூன்றும் சொதப்பி முடிவது நம்மிடம் பரவலாக இருக்கும் நோய்.

அடுத்து வாசல். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டுமே கடினமாக்கவேண்டும். முதலில் ஆளில்லாத கதவை நீங்களே தட்டி "பாய்". பிறகு வீட்டில் ஒருவர் வெளியே போய்த் தட்டுவது. பிறகு அழைப்புமணி. மணிச்சத்தம் பல நாய்களுக்குத் தட்டுவதைவிடப் பெரிய தூண்டல், அதனால் முதல் இரண்டு நாள் போனில் பதிவுசெய்து மெல்லிய ஒலியில் போடலாம். பிறகு தெரிந்தவர், கடைசியில் தெரியாதவர். ஒவ்வொரு மாற்றத்திலும் உட்காரும் நேரத்தை 2 நொடிக்குக் குறைத்து மறுபடி ஏற்றுங்கள். கூடத்தில் 30 நொடி உட்கார்ந்த நாய் வாசலில் ஆள் நிற்கும்போது 2 நொடி உட்கார்ந்தால் அது பெரிய சாதனை, தோல்வி இல்லை.

விருந்தாளிக்கு உள்ளே வருமுன்னே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: கண்ணைப் பார்க்கவேண்டாம், பேசவேண்டாம், தாவினால் பின்னால் நகர்ந்து திரும்பிக்கொள்ளுங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது தாடைக்குக் கீழே, நெஞ்சுப்பக்கமாகத் தடவலாம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனால் எழும்பத்தான் செய்யும்.

கூடுதலாகும் கட்டம்

இதுவரை தாவலுக்குக் கிடைத்துவந்த கவனிப்பு நின்றதும் நாய் அடங்கிவிடாது. முதல் சில நாள் தாவல் கூடும். உயரமாகத் தாவும், குரைக்கும், சட்டை நுனியைக் கவ்வும். வேலை செய்துவந்த ஒன்று திடீரென்று வேலை செய்யாதபோது எந்த உயிரும் அதையே இன்னும் பலமாகச் செய்துபார்க்கும். பெரும்பாலான வீடுகளில் முயற்சி கைவிடப்படுவது இங்கேதான்: "இந்த முறை சரிப்படாது, முன்னைவிட மோசமாகிவிட்டது." மூன்று நிமிடம் பொறுத்துவிட்டு நான்காவது நிமிடம் "சரி, வா" என்று கொஞ்சினால், நான்கு நிமிடம் விடாமல் தாவினால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அதைவிடத் தொடங்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டில் ஐந்து பேர் இருந்து நான்கு பேர் ஒழுங்காக நடந்து, தாத்தா மட்டும் தாவும்போது தடவிக்கொடுத்தால் என்னாகும்? பழக்கம் குறையாது, முன்னைவிட உறுதிப்படும். ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்த பழக்கத்தைவிட, எப்போதாவது, எப்போது என்று தெரியாமல் பலன் கிடைத்த பழக்கம் பலன் நின்றபிறகும் நீண்டகாலம் நிற்கும். சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-இல் வெளியிட்ட வலுவூட்டல் கால அட்டவணைகள் பற்றிய ஆய்வில், சராசரியாக மட்டுமே கணிக்கக்கூடிய பரிசுக்குப் புறாக்கள் இடைவிடாமல் கொத்திக்கொண்டே இருந்தன. தாத்தாவிடம் தர்க்கம் பேசிப் பயனில்லை. அவர் கையில் பத்துத் துண்டு கோழியைக் கொடுத்து, உட்கார்ந்தால் கொடுங்கள் என்று வேலையை ஒப்படைத்துவிடுங்கள். அவருக்கும் நாய் ஓடிவரும் சந்தோஷம் கிடைக்கும்.

பயிற்சிக்கு ஆளில்லாத நேரத்தில், வீட்டில் கூட்டம் இருக்கும் நாளில், நாயைத் தாவவிடாமல் தடுப்பது மட்டும்தான் வேலை. ஜன்னல் கம்பியில் நான்கடிக் கயிறு, மாடிப்படித் தடுப்பு, மூடிய அறை, எது வசதியோ அது. பழைய செயலுக்குப் பலன் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பின்னடைவு.

பரிசைக் குறைப்பது

வாழ்நாள் முழுக்கக் கோழியோடு அலையவேண்டாம். புதிய செயல் அந்தச் சூழலில் பத்துக்கு எட்டு வரும்வரை ஒவ்வொன்றுக்கும் பரிசு. பிறகு மூன்றில் இரண்டுக்கு, பிறகு இரண்டில் ஒன்றுக்கு, பிறகு சராசரியாக மூன்றுக்கு ஒன்று. வரிசை தெரியக்கூடாது. சரியாக மூன்றாவதற்குத்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் முதல் இரண்டும் தளர்ந்துபோகும். எந்த முறைக்குக் கொடுப்பது? வேகமாகப் போய் உட்கார்ந்தது எதுவோ அதற்கு.

"டக்" சொல்லிவிட்டுத் தீனி கொடுக்காமல் இருக்கவே கூடாது. குறைக்கவேண்டிய முறைகளில் சத்தத்தையும் சேர்த்து விட்டுவிடுங்கள். கள்ளநோட்டாகிப்போன சத்தத்தை மீட்பது கடினம். குறைப்பு வேகமாகிவிட்டால் நாய் சொல்லிவிடும். தயங்கும், தரையை முகரும், கொட்டாவி விடும், பாதி வழியில் திரும்பும். முந்தைய விகிதத்துக்கு இரண்டு சுற்று திரும்பிப் போங்கள். நாளடைவில் தீனியின் இடத்தை விருந்தாளியின் தடவலே எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்திலிருந்து நாய் கேட்டதும் அதைத்தானே.

தண்டனையைப் பற்றி

தண்டனை வேலையே செய்யாது என்பது உண்மையல்ல. நேதன் அஸ்ரினும் வில்லியம் ஹோல்ஸும் 1966-இல் தொகுத்துக் காட்டிய நிபந்தனைகள் தெளிவானவை: செயல் நடந்த உடனே வரவேண்டும், ஒவ்வொரு முறையும் வரவேண்டும், முதல் முறையே போதிய வலுவோடு வரவேண்டும், தப்பிக்க வழி இருக்கக்கூடாது, அதே பலனைப் பெற வேறு செயல் கைவசம் இருக்கவேண்டும். வீட்டில் யாரால் இதைச் செய்யமுடியும்? வீட்டில் நடப்பது தலைகீழ். மெதுவாக ஒரு தட்டில் தொடங்கி, கேட்கவில்லையென்று செய்தித்தாள் சுருளுக்குப் போய், பிறகு பிரம்புக்குப் போகிறோம். படிப்படியாக ஏறும் அடிக்கு நாய் படிப்படியாகப் பழகிவிடுகிறது. நீங்கள் இல்லாத நேரத்தில் தாவினால் அடி இல்லை. ஆகவே அது கற்றுக்கொள்வது இவர் இருக்கும்போது செய்யாதே என்பதை மட்டும்.

தார்ண்டைக்கே தம் ஆரம்பக் கருத்தை 1930-களின் தொடக்கத்தில் திருத்திக்கொண்டார்: பரிசு வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை பழக்கத்தை வலுவிழக்கச் செய்வதில்லை. ஸ்கின்னர் 1938-இல் எழுதிய சோதனையில், நெம்புகோலை அழுத்தினால் வந்த தீனியை நிறுத்திவிட்டு, அழுத்திய எலிகளில் சிலவற்றின் பாதத்தில் அடிவிழும்படி செய்தார். அழுத்துவது முதலில் குறைந்தது. அடி நின்றபின், அடியே வாங்காத எலிகள் மொத்தம் எத்தனை முறை அழுத்தினவோ கிட்டத்தட்ட அத்தனையையும் இவையும் அழுத்தி முடித்தன. பழக்கம் அழியவில்லை, ஒதுங்கி நின்றது.

பக்கவிளைவுகள் வேறு. அடி எதோடு சேர்ந்து வந்ததோ அதன்மேல் வெறுப்பு ஒட்டும். விருந்தாளி வரும்போதெல்லாம் அடிவாங்கிய நாய் விருந்தாளியையே ஆபத்தாகப் பார்க்கத் தொடங்கும். உறுமியதற்கு அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்தமுறை முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். வீட்டுக்குள் மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பது இருப்பதிலேயே பயனற்றது. போனது பத்து நிமிடம் முன்பு, தேய்ப்பது இப்போது. மூத்திரமும் மனிதரும் ஒரே இடத்தில் இருந்தால் வலி என்று அது படிக்கும், சோபாவுக்குப் பின்னால் போகத் தொடங்கும். "செய்த தப்பு அதுக்கே தெரியுது பாருங்க" என்று நாம் காட்டும் அந்தத் தாழ்ந்த தலையும் ஒடுங்கிய வாலும் குற்றவுணர்ச்சி அல்ல, உங்கள் முகத்தைப் பார்த்து வந்த பயம்.

தேவைப்பட்டால் விலக்குதல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கால் உடம்பில் பட்ட நொடியில், "போச்சு" போன்ற ஒரே சொல்லை, கோபமில்லாத குரலில் சொல்லி, வந்தவர் கதவுக்கு வெளியே போய்விடவேண்டும். 15 முதல் 30 நொடி. திரும்பி வரும்போது நான்கு காலும் தரையில் இருந்தால் உடனே பரிசு. நாயைத் தரதரவென்று இழுத்துப்போய் அறையில் அடைக்கவேண்டாம், இழுப்பதே விளையாட்டாகிவிடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீட்டுவதாலும் லாபமில்லை. எதற்காக என்ற தொடர்பு முதல் அரை நிமிடத்திலேயே அறுந்துவிடுகிறது. இன்னொன்று, விலக்குவதற்கு முன் அங்கே இழக்கத்தக்க ஏதாவது இருக்கவேண்டும். பரிசே கிடைக்காத கூடத்திலிருந்து விலக்கினால் நாய்க்கு நஷ்டமில்லை. இருபது முறை செய்தும் நோட்டில் எண் இறங்கவில்லையென்றால் அது தண்டனை இல்லை. நிறுத்திவிட்டு மூன்றாவது பத்தியை மறுபடி பாருங்கள்.

இந்த முறை எட்டாத இடங்கள்

தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வளராது. பயம் நாய் விரும்பிச் செய்யும் செயல் அல்ல, பரிசு கொடுத்து அதை வளர்க்கமுடியாது. தடவலாம், கோழி கொடுக்கலாம், திரைச்சீலையை இழுத்துவிட்டு மின்விசிறியை வேகமாக ஓடவிடலாம். அங்கே ருஷ்ய உடலியலாளர் பாவ்லவின் கணக்குத்தான் ஓடுகிறது: எந்தச் சத்தத்தோடு எது சேர்ந்து வருகிறது என்பது. விருந்தாளியைக் கண்டு பயப்படும் நாய்க்கும் அதே வழிதான். ஆள் தூரத்தில், அது சாப்பிட மறுக்காத தூரத்தில் நிற்கும்போது தீனி, ஆள் மறைந்ததும் தீனி நிறுத்தம். எதையும் செய்யச்சொல்லிக் கேட்கவேண்டாம்.

பிறவிக்குணமும் ஓர் எல்லை போடும். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் விளம்பரங்களுக்கும் காட்சிகளுக்கும் ஏராளமான விலங்குகளைப் பழக்கியவர்கள். நாணயத்தை உண்டியலில் போடப் பழக்கிய பன்றி, போகப்போக அதைப் போடாமல் மூக்கால் மண்ணைக் கிளறுவதுபோல் தள்ளிக்கொண்டே இருந்ததை 1961-இல் எழுதினார்கள். பரிசு தாமதமானபோதும் அது கிளறுவதை விடவில்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைநாய் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்யப்பட்ட நாய்க்கு ஓடும் முயலுக்கு முன்னால் பனீர் ஒரு பொருட்டில்லை. அங்கே கயிறுதான் பதில். பயிற்சி, முயல் கண்ணில் படுவதற்கு முந்தைய நொடியில் உங்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதில் தொடங்கும்.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று மாறினால் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதுப்புண், மூட்டுவலி, பல்வலி எல்லாம் வெளியே குணமாற்றமாகத்தான் தெரியும். கடிக்கும் நிலைக்கு வந்துவிட்ட நாயையும் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பழக்கவேண்டாம்.

தாவுவது நின்று ஒரு மாதம் கழித்து, பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியதும் நாய் மறுபடி தாவும். அற்றுப்போன பழக்கம் இடைவெளிக்குப் பிறகு ஒருமுறை தலைகாட்டுவது வழக்கம்தான். முதல் தடவையைவிட வலு குறைவாக வரும், சீக்கிரம் அடங்கும். அன்றைக்கு நான்காம் படியிலிருந்து இரண்டு சுற்று, ஒவ்வொன்றுக்கும் பரிசு. பெட்டியோடு உள்ளே நுழையும்போதே சட்டைப்பையில் ஏழெட்டுத் துண்டு இருக்கட்டும்.